இருபத்தேழாம் எண்ணின் கட்டைவிரல்

கல்லூரியில் அவளுக்குப் பெயர் 'சரியா மேடம்'. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வேலை ஒப்பந்தக் கடிதத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு 'சரியா?' போடாவிட்டால் அடுத்த வாக்கியம் அவள் தொண்டையிலிருந்து கிளம்பாது. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், சரியா? நிறம் மாறின நிமிஷமே நிறுத்த வேண்டும், சரியா? பதினொரு வருஷமாக இப்படித்தான் வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பட்டப்பெயர் கேன்டீன்காரருக்குக்கூடத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. தெரியவந்த கதையும், அதோடு அவள் தூக்கம் போன கதையும் ஒன்றுதான்.

அவள் எதையும் ஆறப்போடத் தெரியாத பிறவி. கழுவிய பீக்கரை இன்னொரு முறை கழுவுவாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்குவாள், பாதிப் படியில் சந்தேகம் வந்து மறுபடி ஏறுவாள். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரே இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்க்கிற மனுஷன். "நீ உட்கார்ந்து நான் பார்த்தது கல்யாண ஃபோட்டோவுல மட்டும்தான்" என்பார். அவள் உட்காராததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தால்தான் அடுத்த ஜூன் வரைக்கும் வேலை. பதினொரு ஜூன்களை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தாண்டியவளுக்கு நாற்காலி எப்படிப் பொருந்தும்?

அந்த வருஷம் முதலாமாண்டுக்கு அவள்தான் வகுப்புப் பொறுப்பாளர். நாற்பத்திரண்டு பேருடைய விவரங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு ஏற்றிக்கொண்டே வந்தாள். இருபத்தேழாம் எண்ணில் வண்டி நின்றுவிட்டது. ஒல்லியான பெண், பேசுவதற்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்குவாள். ஃபோன் நம்பர் கேட்டதற்கு, வீட்டில் ஒரே ஃபோன்தான் என்றும், அண்ணன் வண்டி ஓட்டப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றும், கல்லூரியிலிருந்து அதற்கு அழைப்பு வந்தால் வீட்டில் ரகளை பண்ணுவான் என்றும் சொன்னாள். கம்ப்யூட்டருக்கு இந்தக் கதையெல்லாம் புரியுமா? அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேன் என்று சிவப்புக் கோடு போட்டு அடம்பிடித்தது. மேடம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு தன் சொந்த நம்பரையே தட்டிவிட்டாள்.

"என் நம்பரைப் போட்டுட்டேன்மா. உனக்கு ஏதாவது வந்தா நானே சொல்லிடறேன், சரியா?"

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த நம்பரை எழுதிக்கொண்டாள். வேறு எந்த மாணவனுக்கும் மேடத்தின் நம்பர் தெரியாது. ஆசிரியர்கள் சொந்த நம்பரைக் கொடுக்கக் கூடாது என்பது அந்தக் கல்லூரியின் விதி. எது சொல்வதானாலும் மின்னஞ்சலில்தான் சொல்ல வேண்டும், அதை எந்த மாணவனும் திறந்து பார்க்க மாட்டான் என்பது எழுதப்படாத இன்னொரு விதி.

சில மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நூலக அட்டை தயார், அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று ஏதாவது செய்தி வரும். மேடம் மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் ஆசிரியர் அறையில் ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கப்போன நேரத்தில் அவள் ஃபோன் துள்ள ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பதினைந்து, முப்பது. ஏதோ சாவுச் செய்தி போலிருக்கிறது என்று பதறி எடுத்துப் பார்த்தால், வகுப்புப் பிரதிநிதிப் பையன் அலுவலகத்திலிருந்து பட்டியலை வாங்கி, அதிலிருந்த நம்பரையெல்லாம் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்திருந்தான். அவனை எல்லோரும் லீடர் என்பார்கள். பட்டியலில் இருபத்தேழாம் எண்ணுக்கு நேராக என்ன நம்பர் இருந்ததோ அதுவும் உள்ளே போயிருந்தது. ஆக, நாற்பத்தோரு மாணவர்களோடு ஒரு மேடம், இருபத்தேழாம் எண் என்ற பெயரில்.

அப்போதே வெளியே வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வெளியே வந்தால் 'இருபத்தேழு வெளியேறினாள்' என்று எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு வரி விழும். ஏன் போனாய் என்று அந்தப் பெண்ணைப் பிடித்துக் கேட்பார்கள். அவள் எனக்கு ஃபோனே இல்லையே என்பாள். பிறகு அந்த நம்பர் யாருடையது என்று கிளறுவார்கள். இரண்டு நாள் சும்மா இருந்து பார்ப்போம், மெதுவாக விலகிக்கொள்ளலாம் என்று மேடம் நினைத்தாள். அந்த இரண்டு நாள் ஐந்து மாதம் ஓடியது.

முதல் வாரத்திலேயே அவள் தன் முகத்தைப் பார்த்தாள். கரும்பலகைக்கு முன்னால் வாயைத் திறந்தபடி அவள் நிற்கும் படத்தை வெட்டி, கீழே 'சரியா?' என்று எழுதி, ஸ்டிக்கராக்கி வைத்திருந்தார்கள். யாராவது டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டால் அந்த முகம். நாளைக்கு லீவா என்றால் அந்த முகம். ஒருவன் அவள் வகுப்பில் எண்ணிப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் அறுபத்துநாலு என்று கணக்கு போட்டிருந்தான். அவளுக்குக் காது மடல் கொதித்தது. கணவரிடம் காட்டலாமா என்று எடுத்துப் போனாள், அவர் சிரித்துவிடுவார் என்று பயந்து திரும்பி வந்தாள்.

அதைவிடப் பெரிய அடி வேறொன்று. யூடியூபில் ஒரு வாத்தியார், தொப்பி போட்டவர், மேடம் இரண்டு வாரம் இழுக்கிற பாடத்தைப் பதினொரு நிமிஷத்தில் முடிக்கிறாராம். அந்தப் பதினொரு நிமிஷத்தையும் இவர்கள் வேகத்தைக் கூட்டி ஆறாகச் சுருக்கிப் பார்க்கிறார்களாம். மேடமும் பார்த்தாள். பஸ்ஸில் பார்த்தாள், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது பார்த்தாள். தொப்பிக்காரர் நன்றாகத்தான் சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல். மறுநாள் வகுப்பில் அவள் 'சரியா'வை மென்று விழுங்கினாள். விழுங்கின இடத்தில் பெருமூச்சு வந்தது. பாடத்தைக் கத்தரித்து, குரலை ஏற்றி, இடையில் ஒரு வேடிக்கைக் கதையும் சொன்னாள். மணி அடித்ததும் அறைக்கு ஓடி ஃபோனைத் திறந்தாள். 'இன்னைக்கு மேடம் செம ஃபார்ம்' என்று ஒருத்தி போட்டிருந்தாள்.

அவ்வளவுதான், மேடம் அதில் விழுந்துவிட்டாள். பதினொரு வருஷத்தில் அவள் பாடம் நன்றாக இருந்தது என்று நேரில் சொன்னவர் யாருமில்லை. துறைத் தலைவர் சொல்ல மாட்டார், மாணவர்கள் சொல்ல வெட்கப்படுவார்கள். இங்கே தினமும் பாடம் முடிந்த ஐந்தாவது நிமிஷம் தீர்ப்பு வந்துவிடும். நல்லது வந்த நாளில் கணவருக்கு இரண்டாவது டீ கிடைக்கும். 'போர்' என்று வந்த நாளில் கழுவிய பாத்திரங்கள் எல்லாம் மறுபடி கழுவப்படும். ஃபோன் சத்தம் போடாத நேரத்திலும் அவளுக்குச் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் அவள் கண்ணைச் சோதித்துப் பார்த்து, கண்ணுக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் பவர் ஏறியிருக்கிறது, அதற்கு என் கடையில் கண்ணாடி கிடையாது என்றார்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. கட்டுரை ஒன்று எழுதி வரச் சொன்னாள். கேள்வியைப் போட்டால் விடையை எழுதித் தருகிற ஆப்பில் லீடர் அதைத் தட்டி, வந்த விடையைக் குரூப்பில் போட்டான். ஆளுக்கு இரண்டு வார்த்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை வேறு. நாற்பத்தோரு கட்டுரைகள் ஒரே சட்டையைச் சாயம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தன. இருபத்தேழாம் எண் மட்டும் தானே யோசித்துத் தன் கையெழுத்தில், இரண்டு இடத்தில் தப்பாக எழுதியிருந்தாள். மேடத்துக்கு எல்லாம் தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல முடியாது. மற்றவர்களுக்கு ஒன்பது போட்டாள், அந்தப் பெண்ணுக்கு ஏழு போட்டாள்.

குரூப்பில் வகுப்பு மாற்றம், விடுமுறை என்று ஏதாவது வந்தால் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடும் வழக்கம் முதலில் தொடர்ந்தது. ஒருமுறை, திங்கள்கிழமை எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு முதல் பீரியடுக்கு மட்டம் போடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. நீ மட்டும் வந்து தனியாக உட்கார்ந்துகொண்டிருக்காதே என்ற அர்த்தத்தில் மேடம் அவளிடம் ஜாடையாகச் சொல்லிவைத்தாள். அந்த வெகுளிப் பெண் லீடரிடம் போய், திங்கள்கிழமை யாரும் வரமாட்டீர்களாமே, மேடம் சொன்னாங்க என்றிருக்கிறது. அன்று மாலையே குரூப்பில் தீப்பற்றிக்கொண்டது. நம்மில் யாரோ ஒரு ஒற்றன் இருக்கிறான் என்றார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து மேடத்தைப் பார்த்துச் சிரிக்கிற அப்பாவி ஒருவனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அவன் ஒரு வாரம் முகம் வீங்கித் திரிந்தான்.

அந்த வாரத்திலிருந்து மேடம் இருபத்தேழாம் எண்ணிடம் எதுவும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியது மட்டுமல்ல, அந்தப் பெண் எதிரே வந்தால் கையிலிருக்கிற காகிதத்தைப் படிக்கிற மாதிரி பாவனை செய்தாள். முக்கியமாக ஏதாவது வந்தால் சொல்லாமலா இருக்கப்போகிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதற்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

முக்கியமானது வந்தது. வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வு. ஒரு பாதிப் பேருக்குக் காலை எட்டரை, மறுபாதிக்கு மத்தியானம் ஒன்றரை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, படிப்பதற்காக விடுமுறை விட்டிருந்தார்கள். தேர்வுக்கு முந்தின நாள் நாலு மணிக்கு, தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர் மறுநாள் மத்தியான ரயிலைப் பிடித்தாக வேண்டும் என்று தகவல் வந்தது. துறைத் தலைவர் பக்கத்து ஆய்வகத்தையும் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் காலையிலேயே முடித்துவிடலாம் என்று லீடரிடம் சொன்னார். அவன் குரூப்பில் போட்டான். மத்தியானப் பிரிவு இருபத்தோரு பேரும் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் போட வேண்டும், போடாதவர்களுக்கு நானே ஃபோன் பண்ணுவேன் என்றும் எழுதினான். செய்முறையில் வராவிட்டால் பாடமே தோல்வி. அடுத்த வருஷம்தான் மறுபடி எழுத முடியும், அதுவரை இரண்டாம் ஆண்டுக்குள் கால் வைக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

விரல்கள் விழுந்தன. பத்து, பதினைந்து, இருபது. 'இருபத்தேழு மட்டும் பாக்கி, இப்போ கூப்பிடறேன்' என்று எழுதினான் லீடர்.

மேடம் அப்போது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் கூப்பிட்டால் அவள் ஃபோன் அடிக்கும். எடுத்தால் அவள் குரல் கேட்கும். எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பான், விடாக்கண்டன். யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போய் அந்தக் கட்டைவிரலை அழுத்திவிட்டது. 'சூப்பர், எல்லாரும் முடிஞ்சுது' என்று அவன் கடையை மூடிவிட்டான்.

அழுத்தின அடுத்த நிமிஷம்தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? விலாசம் அலுவலகத்தில் இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தாள், பூட்டியிருந்தது. அந்தப் பெண் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்குவாள் என்பது மட்டும் தெரியும். பாலத்துக்குப் போகும் பஸ் வந்தது. இறங்கி யாரிடம் எந்தத் தெருவைச் சொல்லித் தேடுவது என்று தயங்கி விட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸையும் விட்டாள். துறைத் தலைவரிடம், சார், அந்தப் பெண்ணிடம் ஃபோன் கிடையாது, யாரையாவது அனுப்புங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஃபோன் இல்லையென்றால் பட்டியலில் இருக்கிற நம்பர் யாருடையது என்று அவர் கேட்பாரே என்ற நினைப்பும் கூடவே வந்தது. கடைசியில் அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. அந்தப் பெண் லீவு நாளிலும் காலை எட்டு மணிக்கே நூலகத்துக்கு வந்துவிடுகிறவள். நாளைக்கும் வருவாள், வாசலிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் ஏழரை மணியிலிருந்து மேடம் கல்லூரி வாசலில் நின்றாள். நின்றாள் என்று சொல்வது தப்பு, வாசலுக்கும் சாலைக்கும் நடந்தாள். எட்டு ஆனது. எட்டேகால் ஆனது. ஒவ்வொரு பஸ்ஸிலும் எட்டிப் பார்த்தாள். காவலாளி யாரையாவது எதிர்பார்க்கறீங்களா மேடம் என்று கேட்டபோது, இல்லை என்று வாய் சொல்லிவிட்டது. எட்டு இருபத்தைந்துக்குத் துறைத் தலைவர் ஆளனுப்பினார். உள்ளே போனாள்.

அந்த மூன்று மணி நேரம் அவள் பட்ட பாட்டை அவள்தான் சொல்ல வேண்டும். இரண்டு ஆய்வகத்திலும் சேர்த்து நாற்பத்தோரு வெள்ளைக் கோட்டுகள், ஒரு காலி இடம். அந்த இடத்தில் பியூரெட் கண்ணாடிக் குழாய் கழுவித் துடைத்து நிறுத்தி வைத்திருந்தது. அவள் அதன் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தாள், அது எங்கே திரும்பினாலும் கண்ணில் பட்டது. அப்போதுகூட வாயைத் திறந்திருக்கலாம், பத்தரைக்குக்கூடத் திறந்திருக்கலாம். வந்த பேராசிரியர் இருபத்தேழு எங்கே என்று கேட்டார். பார்த்தாச்சுன்னு விரல் போட்டிருக்கா சார் என்று லீடர் சொன்னான். அவர் அந்த எண்ணுக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினொன்றேமுக்காலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒன்றேகாலுக்கு அவள் வந்தாள். அன்று நூலகத்தை விட்டுவிட்டு, காலையில் வீட்டிலேயே கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தாள். செய்முறைக் குறிப்பேட்டை மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஆய்வக உதவியாளர் தரையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிஞ்சு போச்சேம்மா என்று அவர் சொன்னது அவளுக்குப் புரியவே இல்லை.

துறைத் தலைவரின் அறையில் நான்கு பேர். அவர், அந்தப் பெண், கேன்டீனிலிருந்து கூப்பிட்டு வரப்பட்ட லீடர், சுவரோரமாக மேடம். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். தேர்வை விட்டுவிட்டு எங்கே போனாய் என்று கேட்டார். பலகையில் ஒன்றரை என்று போட்டிருந்ததே சார் என்றாள் அந்தப் பெண். மாற்றி நேற்றே சொல்லியாகிவிட்டதே என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றாள். லீடருக்குச் சுருக்கென்றது. அவன் ஃபோனை எடுத்து நீட்டினான்.

"நேத்து நாலு பத்துக்குப் போட்டேன் சார். நாலரைக்கு இவ விரல் போட்டிருக்கா. நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். ஃபோனை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினார்.

"இது உன் நம்பர்தானே?"

அவள் குனிந்து பார்த்தாள். அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். நேராகச் சுவரோரம் நின்ற மேடத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் மேடம் பிழைத்திருப்பாள். அதில் இருந்தது குழப்பம், பிறகு புரிந்துகொண்டது தெரிந்தது, பிறகு அவளுடைய வழக்கம்போல ஒரு எச்சில் விழுங்கல்.

"ஆமா சார். என் நம்பர்தான். நான்தான் கவனிக்கலை."

அப்படியானால் அடுத்த வருஷம் எழுது, வேறு வழியில்லை என்றார் துறைத் தலைவர். சரி சார் என்றாள் அவள். ஒரு வருஷத்தை இரண்டே வார்த்தையில் கொடுத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"அது என் நம்பர் சார்" என்றாள் மேடம்.

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. கம்ப்யூட்டர் கட்டத்தில் ஆரம்பித்து, ஐந்து மாதம், ஒற்றன், முதல் பெஞ்சுப் பையன், பஸ் நிறுத்தம், கட்டைவிரல் என்று எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டினாள். லீடரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த ஐந்து மாதத்தில் என்னென்ன எழுதினோம் என்று அவன் மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது தெரிந்தது. காதோரம் சிவந்து, நான் போகலாமா சார் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

துறைத் தலைவர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ரயிலில் இருந்த பேராசிரியரைக் கூப்பிட்டார், இரண்டு முறை லைன் கட்டானது. மூன்றாம் முறை கிடைத்தது. நாளை மறுநாள் வேறொரு கல்லூரியில் தேர்வு நடத்துகிறேன், அங்கே அனுப்பி வையுங்கள், ஆனால் தவறு கல்லூரியுடையது என்று, தவறு செய்தவர் கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும் என்றார் அவர். மேடம் நின்றபடியே எழுதினாள். கையெழுத்துப் போடப் போகும்போது துறைத் தலைவர் தணிந்த குரலில், ஜூனில் உங்கள் ஃபைலோடு இந்தத் தாளும் மேலே போகும், தெரியுமல்லவா என்றார். தெரியும் சார் என்றாள். போட்டாள்.

வெளியே நடைவழியில் ஜன்னல் ஓரமாக ஒரு பெஞ்சு. அந்தப் பெண் அங்கே காத்திருந்தாள். மேடம் அவள் கையில் கடிதத்தைக் கொடுத்து, போக வேண்டிய இடத்தையும் நேரத்தையும் சொன்னாள், நானே கூட வருகிறேன் என்றாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவளே பேசினாள்.

"ஏதாவது வந்தா சொல்றேன்னு சொல்லியிருந்தீங்களே மேடம்."

சண்டை போடுகிற குரல் இல்லை அது. இன்னும் நம்ப முடியாத குரல். மேடத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆமாம் என்று மட்டும் சொன்னாள். கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. லீடர் அந்த நம்பரைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டான் என்று காட்டியது. ஐந்து மாதப் பேச்சு மட்டும் அப்படியே உள்ளே இருந்தது.

"எனக்குன்னு எதாவது வந்துச்சா மேடம், அதுல?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

மேடம் யோசித்தாள். தன்னைப் பற்றி வந்த ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம். இவளைப் பற்றி வந்ததைத் தேட வேண்டியிருந்தது. மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஜனவரியில் ஒரு நாளில் கை நின்றது.

"உன் பிறந்தநாளுக்கு எல்லாரும் வாழ்த்து அனுப்பியிருந்தாங்க. லீடர் பட்டியலைப் பார்த்து ஞாபகப்படுத்தியிருக்கான்."

"எத்தனை பேரு?"

மேடம் எண்ணினாள். முப்பத்தொன்பது. எண்ணி முடிக்கிற வரைக்கும் அந்தப் பெண் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பதில் ஒண்ணும் சொல்லலைன்னு நினைச்சிருப்பாங்களே."

"நான் நன்றின்னு போட்டேன்."

"அன்னைக்கு நான் புது டிரஸ் போட்டுட்டு வந்தேன் மேடம். யாராவது கேப்பாங்களான்னு சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டே இருந்தேன். யாருமே ஒண்ணும் கேக்கலை" என்றாள்.

அனுப்பியாகிவிட்டதே, இனி நேரில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று முப்பத்தொன்பது பேரும் நினைத்திருக்கிறார்கள். மேடம் அன்று அதே வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள். நன்றி என்று தட்டிய கையோடுதான் போனாள், அந்தப் புது உடுப்பை அவளும் பார்க்கவில்லை. ஃபோனை நீட்டினாள். அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, முதல் வாழ்த்திலிருந்து ஒவ்வொன்றாக, அனுப்பியவரின் பெயரையும் சேர்த்து, உதடு அசையப் படிக்க ஆரம்பித்தாள். மேடமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முப்பத்தொன்பதையும் படித்து முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.